பெரிய வெள்ளிக்கப்புறம் எனக்கு சங்கீதம் வாசிக்க வரமாட்டேங்குது. யூத ஜனங்களைப் பத்தி நம்ம சபை என்னதான் நினைக்குது?

#1 நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் இங்க சிங்கப்பூர்ல நர்ஸ், மாசத்துல பாதி நாள் நைட் டூட்டி. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க வார்டுக்கு ஒரு தாத்தா இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தாரு. யூதர். இங்கயே பொறந்து வளந்தவரு, மலாய் அவ்ளோ அழகா பேசுவாரு. ராத்திரி பத்து மணிக்கு லைட்ட கம்மி பண்ணதும் வலது கையால ரெண்டு கண்ணையும் பொத்திக்கிட்டு ஏதோ முணுமுணுப்பாரு. மொத நாள் லைட்டு கண்ண கூசுதுன்னு நெனச்சு நான் கர்ட்டன இழுக்கப் போனேன், இன்னொரு கையால பொறுன்னு சைகை காட்டுனாரு. முடிச்சிட்டு சொன்னாரு, தூங்கறதுக்கு முன்னாடி நாங்க சொல்ற ஜெபம் இது, ஷெமா. அர்த்தத்தையும் சொன்னாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. பிபி மிஷினோட பட்டைய கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன், ஏன்னா அது எனக்கு ஒம்பது வயசுல சண்டே ஸ்கூல்ல மனப்பாட வசனம். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." தமிழ்ல சொல்லிக் காட்டுனேன். இன்னொரு தடவ சொல்லுன்னாரு. அதுலேர்ந்து என் டூட்டி வர்ற ராத்திரியெல்லாம் அவர் சொல்லி முடிச்சதும் என் பக்கம் விரல நீட்டுவாரு, நான் தமிழ்ல சொல்லணும்.

கடைசியா இன்னொரு வரியும் சொல்லுவாரு. கேட்டேன். சங்கீதம் 31:5, "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." நான் சொன்னேன், ஐயா இது எங்க இயேசு சிலுவையில கடைசியா சொன்ன வார்த்தைன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப அவருக்கும் அவங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க"ன்னாரு. அவ்ளோதான், திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த வருஷம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில, அதான் இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகளப் பத்திப் பன்னெண்டுலேர்ந்து மூணு மணி வரைக்கும் பேசறது, ஏழாவது வார்த்தைய வெளியிலேர்ந்து வந்த ஒரு பிரசங்கியார் பேசுனாரு. அதே வசனம்தான், லூக்கா 23:46. அத வாசிச்சிட்டு, யூதர்கள் தேவனைக் கொன்ற ஜனம், அந்த இரத்தப்பழிதான் ரெண்டாயிரம் வருஷமா அவங்கள துரத்துது, ஹிட்லர்கூட தேவன் கையில ஒரு சாட்டைன்னு சொன்னாரு. சபையில பாதிப் பேர் ஆமென் போட்டாங்க. எனக்கு அந்தத் தாத்தா கண்ண பொத்திக்கிட்டு படுத்திருந்ததுதான் கண்ணு முன்னாடி நிக்குது. எழுந்து வெளிய வந்திருக்கணும், வரல. அது இன்னும் உறுத்துது.

இன்னொண்ணு. அதே சபையில பெண்கள் உபவாச ஜெபத்துக்கு ஒரு அக்கா யூதர்கள் ஜெப ஆலயத்துல ஊதற கொம்பு எக்காளத்தக் கொண்டாந்து ஊதுறாங்க, இஸ்ரேல் கொடிய ஆட்டுறாங்க, அவங்கள ஆசீர்வதிச்சா நம்ம வேலை, தொழில், எச்டிபி அரசாங்க வீடு எல்லாம் ஆசீர்வாதமாகும்னு சொல்றாங்க. ஒரு வாயி சபிக்குது, ஒரு வாயி ஆசீர்வாதம் வாங்கற கருவியா உபயோகிக்குது, ரெண்டுலயுமே அந்தத் தாத்தாவுக்கு இடமில்ல.

மூணு வாரமா காலைல அஞ்சு மணிக்கு சங்கீதத்தத் திறந்தா மனசு ஒட்டமாட்டேங்குது. இது அவங்க வீட்டு ஜெபம், நான் அவங்கள திட்டுற சபையில ஒக்காந்துக்கிட்டு இத எந்த முகத்தோட வாசிக்கிறதுன்னு தோணுது. உங்களுக்கெல்லாம் இப்படி ஆகியிருக்கா? சபை இதுல அதிகாரபூர்வமா என்ன சொல்லுது?

#2 எக்காளம்77

சிஸ்டர், வணக்கம். எக்காளம் ஊதுறவங்கள்ல நானும் ஒருத்தன், பேரப் பாத்தாலே தெரியும். உங்க சபை ஆள் இல்ல. ஹிட்லர பத்தி அப்படிச் சொன்னது மகா தப்பு, அத முதல்ல சொல்லிடறேன். 60 லட்சம் பேர கொன்னத தேவனோட சாட்டைங்கறது தேவன் மேலயே பழி போடறது.

ஆனா எங்க பக்கத்தையும் கேளுங்க. நான் எருசலேம் போய், யூதர்கள் ஜெபிக்கிற அந்த மேற்குச் சுவர்ல கைய வெச்சப்ப அழுதேன். அது வரைக்கும் பைபிள் எனக்கு கதை மாதிரி இருந்துச்சு, அன்னிக்குதான் இதெல்லாம் மண்ணு மேல நடந்த விஷயம்னு புரிஞ்சுது. ஆதியாகமம் 12:3 "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்"னு இருக்கு, சங்கீதம் 122:6 "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்"னு இருக்கு. நாங்க வேண்டிக்கிறோம். அதுல அன்பு இல்லன்னு சொல்லிடாதீங்க.

#3 ஈசூன்_வாசகர்

பிரசங்கியார் வார்த்தை வரம்பு மீறினது, ஒத்துக்கறேன். ஆனா உணர்ச்சியில உபதேசத்த விட்டுறக்கூடாது. புதிய ஏற்பாட்டுல ஆபிரகாமோட சந்ததி யாருன்னா கிறிஸ்துவுக்குள்ள இருக்கிறவங்க, கலாத்தியர் 3:29. "தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி, ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்"னு பேதுரு சபையத்தான சொல்றாரு. பழைய உடன்படிக்கை நிறைவேறிடுச்சு, இப்ப சபைதான் இஸ்ரவேல். 1 தெசலோனிக்கேயர் 2:15ல பவுலே யூதர்கள் கர்த்தராகிய இயேசுவைக் கொலை செய்தவங்கன்னு எழுதியிருக்காரு, அத என்ன பண்றது? அந்தத் தாத்தா நல்லவரு, சந்தேகமில்ல, ஆனா நல்லவரா இருக்கறது வேற இரட்சிப்பு வேற.

#4 தரங்கை_பேரன்

மகளே, உங்க பதிவ ரெண்டு தடவ வாசிச்சேன். எனக்கு எழுபது தாண்டிடுச்சு, எங்க குடும்பம் தரங்கம்பாடி லுத்தரன், மிஷனரி சீகன்பால்க் 1706ல வந்து எறங்குன மண்ணு. வீட்டுல எங்க சபைக்கு மூலமான மார்ட்டின் லுத்தரோட படம் காந்தி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கும், அப்படி வளந்தவன். அதனால இத நான்தான் சொல்லணும், வேற யாரும் சொன்னா எனக்கே கோவம் வரும்.

லுத்தர் 1523ல, இயேசு கிறிஸ்து யூதராப் பொறந்தவருன்னு ஒரு சின்ன புத்தகம் எழுதுனாரு, அவங்கள அன்பா நடத்துங்கன்னு. இருபது வருஷம் கழிச்சு 1543ல அதே கை வேற ஒண்ண எழுதுச்சு. அவங்க ஜெப ஆலயங்களக் கொளுத்துங்க, வீடுகள இடிங்க, போதகர்கள் வாயத் திறக்க விடாதீங்கன்னு. அதுல ஒரு யோசனை என்னத் தூங்க விடாது: அவங்க ஜெபப் புத்தகங்களப் பிடுங்கிடுங்கன்னு இருக்கு. நாலு நாள் சாப்பாட்ட விட்டாலும் சங்கீதத்த விடமாட்டேன்னு வாழ்ந்த மனுஷன், சங்கீதத்த ஜெர்மன்ல பேச வெச்ச மனுஷன், அந்த சங்கீதத்த எழுதிக் குடுத்த ஜனத்தோட கையிலேர்ந்து ஜெபப் புத்தகத்தப் பிடுங்கச் சொல்றாரு. பக்தி இருந்தா போதும், மனசு தானா சரியாயிடும்னு நெனைக்கிறவங்களுக்கு நான் இதத்தான் காட்டுவேன்.

1938 நவம்பர் 9 ராத்திரி ஜெர்மனியில நாஜிங்க கொளுத்தி ஆயிரத்துக்கும் மேல யூத ஜெப ஆலயங்கள் எரிஞ்சுது. மறுநாள் 10ஆம் தேதி லுத்தரோட பிறந்த நாள். அத அப்ப பெருமையா எடுத்துச் சொன்ன சபைத் தலைவர்களும் இருந்தாங்க.

ஆனா அதே லுத்தரன் சபையில ஹிட்லர எதிர்த்த போன்ஹோஃபர்னு ஒரு போதகர் இருந்தாரு, தெரிஞ்சிருக்கும். அவர் தியானத்துக்கு வெச்சிருந்த வேதாகமத்துல சங்கீதம் 74க்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு தேதி எழுதி வெச்சிருக்காரு: 9.11.38. எட்டாம் வசனத்துக்கிட்ட. எடுத்துப் பாருங்க, "தேசத்திலுள்ள ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்துப்போட்டார்கள்." அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதல. அவர் 1945 ஏப்ரல் 9ல தூக்குல போனாரு. நீங்க காலைல சங்கீதம் வாசிக்க முடியலன்னு சொல்றீங்களே, நான் சொல்றேன் நீங்க இப்பதான் வாசிக்கவே ஆரம்பிச்சிருக்கீங்க. அவரும் அன்னிக்கு அந்தப் பக்கத்தத் தாண்டிப் போக முடியாமத்தான் தேதி போட்டிருப்பாரு.

ஈசூன் தம்பிக்கு: 1 தெசலோனிக்கேயர எழுதுனவரே யூதர்தான. ஏசாயாவும் எரேமியாவும் சொந்த ஜனத்த அதவிடக் கடுமையா திட்டியிருக்காங்க. அப்பா பெத்த பிள்ளைய திட்டுறத ஜன்னல் வழியாக் கேட்டுட்டு அடுத்த வீட்டுக்காரன் வந்து அந்தப் பிள்ளைய அடிச்சா அது நியாயமா?

சபை என்ன சொல்லுதுன்னு கேட்டீங்க. லுத்தரன் உலக சம்மேளனம் 1984லயே லுத்தரோட அந்த எழுத்துகளத் தள்ளிடுச்சு, அமெரிக்க லுத்தரன் சபை 1994ல யூத ஜனத்துக்கு நேரடியா ஒரு அறிக்கையே குடுத்துச்சு. இதெல்லாம் நம்ம தமிழ்ப் பிரசங்க மேடை வரைக்கும் வந்து சேரல, அதான் பிரச்சினை.

#5 லூர்து_மாதா_பிள்ளை

அக்கா, நான் கத்தோலிக்கம், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில். ஐயா சொன்னதுக்கு எங்க பக்கத்தையும் சேர்க்கறேன், ஏன்னா எங்க கைலயும் கறை இருக்கு.

எங்க பாட்டி காலத்துல பெரிய வெள்ளி வழிபாட்டுல யூதர்களுக்காக ஒரு மன்றாட்டு உண்டு, லத்தீன்ல, அதுல அவங்களுக்கு ஒரு கெட்ட அடைமொழி சேர்த்துச் சொல்லுவாங்க, துரோகிங்கற மாதிரி ஜனங்க காதுல விழும். மத்தவங்களுக்காக மன்றாடுறப்ப முழங்கால்ல விழணும், இவங்களுக்கு மட்டும் ரொம்ப காலம் அதுவும் கிடையாது. 1959ல திருத்தந்தை 23ஆம் யோவான் அந்த வார்த்தைய எடுத்துட்டாரு. அடுத்த வருஷம் ஷூல் இசாக்னு ஒரு வயசான பிரெஞ்சு யூத வரலாற்று ஆசிரியர் அவரப் பாக்க வந்தாரு. மனைவியையும் மகளையும் ஹிட்லர் ஆட்சியில பறிகொடுத்தவரு. சபையோட போதனையில எங்கெல்லாம் யூத வெறுப்பு ஒளிஞ்சிருக்குன்னு எழுதி எடுத்துட்டு வந்து குடுத்தாரு. அந்த விதை தான் வளந்து 1965 அக்டோபர் 28ல இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட நோஸ்த்ரா ஏதாத்தே ஏட்டுல நாலாம் பகுதியா வந்துச்சு. இயேசுவோட பாடுகளுக்கு அன்னிக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் பழி போடக்கூடாது, இன்னிக்கு இருக்கிற யூதர் மேலயும் போடக்கூடாது, கடவுளால சபிக்கப்பட்டவங்கன்னு அவங்களக் காட்டக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அப்ப நர்ஸ் அக்கா கேட்ட பிரசங்கம் எங்க சபையில நடந்திருந்தா அது போதனைக்கே விரோதம்.

1986ல இரண்டாம் யோவான் பவுல் ரோமாபுரி ஜெப ஆலயத்துக்குள்ள போய் அவங்கள எங்க அண்ணன்மாருன்னு கூப்பிட்டாரு. நம்ம தமிழ் வீட்டுல அண்ணன்னா என்னன்னு சொல்லணுமா? சண்டை இருந்தாலும் அண்ணன் இல்லாம ஒரு நல்லது கெட்டது நடக்காது.

ஐயா சொன்னதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. அருளப்பர் கிறிசோஸ்தோம், பொன்வாயர்னு பேரு, ஜெபத்தப் பத்தி அவர மாதிரி பேசுன ஆள் கம்மி. அவர் 386, 387 வாக்குல அந்தியோக்கியாவுல யூதர்களுக்கு எதிரா பேசுன எட்டு மறையுரையப் படிச்சா கை நடுங்குது. ஏன் பேசுனாருன்னா அவர் சபை ஜனங்க பண்டிகை நாள்ல ஜெப ஆலயத்துக்குப் போயி எக்காளம் கேக்கறாங்கன்னு கோவம். எக்காளம் அண்ணனுக்கு இது சுவாரசியமா இருக்கும். அதே சமயம் புனித பெர்னார்து. அவரும் முழுக்க முழுக்க தியானத்துல ஊறுனவரு. 1146ல சிலுவைப்போர் வெறியில ஒரு துறவி ரைன் நதிக்கரையில யூதர்களக் கொல்லச் சொல்லி ஜனங்களத் தூண்டிவிட்டப்ப இவர் கடிதம் எழுதிப் பாத்தாரு, நிக்கலன்னதும் தானே கிளம்பிப் போய் அந்தத் துறவிய மடத்துக்குத் திருப்பி அனுப்பிட்டாரு. அத ஒரு யூத வரலாற்றாசிரியரே நன்றியோட எழுதி வெச்சிருக்காரு. ரெண்டு பேருக்குமே பக்தி இருந்துச்சு. ஒருத்தருக்கு அது நாக்கோட நின்னுச்சு, இன்னொருத்தருக்கு காலுக்கும் எறங்குச்சு.

#6 துவாஸ்_தம்பி

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் ஷிப்யார்டுல வெல்டர், டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, தங்கியிருக்கேன். படிப்பு கம்மி, தப்பா சொன்னா திருத்துங்க.

ரோமர் 11 பத்தி ஒருத்தரும் சொல்லல, அதான் எழுதுறேன். எங்க ஊரு கிருஷ்ணகிரி பக்கம், அப்பா மாங்கன்று ஒட்டுக் கட்டுறவரு. நானும் பத்து வயசுலேர்ந்து கட்டியிருக்கேன். எப்படின்னா நாட்டு மாங்கொட்டைய மொளைக்கப் போட்டு செடி வந்ததும், அதான் வேர்ச்செடி, தலைய சீவிட்டு நடுவுல பிளப்போம், செந்தூரா இல்ல பங்கனப்பள்ளி மரத்துலேர்ந்து பென்சில் தடிமன் குச்சிய வெட்டி ஆப்பு மாதிரி ரெண்டு பக்கமும் சீவி அந்தப் பிளவுல சொருகி, பட்டையும் பட்டையும் நேரா ஒக்கார வெச்சு பிளாஸ்டிக் நாடாவால இறுக்கிச் சுத்துவோம். பட்டை ஒரு நூல் தள்ளிப் போனாலும் பிடிக்காது. பிடிச்சா மூணு வாரத்துல துளிர் விடும். பழம் மேல ஒட்டுன குச்சியோட ஜாதிதான் வரும், வேர் நாட்டு வேர், தண்ணி மட்டும் குடுக்கும்.

பவுல் சொல்றது இதுக்கு தலைகீழு. நல்ல ஒலிவ மரத்து வேர்ல, அதான் இஸ்ரவேல், காட்டு ஒலிவக் குச்சிய, அதான் யூதரல்லாத நம்மள, ஒட்டுறாரு. எங்கப்பாகிட்ட இப்படி ஒருத்தர் கேட்டா கிறுக்கா உனக்குன்னு கேப்பாரு. காட்டுக் குச்சில காட்டுக் காய்தான் வரும். பவுலுக்கும் அது தெரியும், 24ஆம் வசனத்துல "சுபாவத்துக்கு விரோதமாய்"னு அவரே சொல்லிட்டாரு. அப்ப நம்மகிட்ட ஏதாவது நல்ல பழம் இருந்தா அது குச்சியோட பெருமை இல்ல. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்."

இன்னொண்ணு. முறிஞ்சு கீழ விழுந்த குச்சிய யாரும் திரும்ப ஒட்டமாட்டாங்க, அரை நாள் வெயில்ல கெடந்தாலே காஞ்சிடும். ஆனா முறிஞ்ச கிளைன்னு பவுல் சொல்ற யூதர்கள தேவன் திரும்ப ஒட்ட வல்லவர்னு 23ல இருக்கு. அப்ப அவர் கணக்குல அந்தக் குச்சி இன்னும் காயல. அவர் காயலன்னு வெச்சிருக்கறத நாம விறகுன்னு சொல்லிட்டிருக்கோம்.

#7 நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

தம்பி, இத என் வீட்டுக்காரர்கிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். படிப்பு கம்மின்னு இனிமே எழுதாதீங்க.

#8 ஈசூன்_வாசகர்

துவாஸ் தம்பி, ஒட்டு பத்தி சொன்னது எனக்குப் புதுசு, அந்த வசனத்த நான் வேற மாதிரி கற்பனை பண்ணி வெச்சிருந்தேன். ராத்திரி உக்காந்து 9லேர்ந்து 11 வரைக்கும் ஒரே மூச்சுல வாசிச்சேன். 9:3ல என் ஜனத்துக்காக நானே கிறிஸ்துவுக்கு வேண்டாதவனா சபிக்கப்பட்டாலும் பரவாயில்லங்கற அர்த்தத்துல சொல்ற ஆள், அவங்க கதை முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்க முடியாது. 11:29 "தேவனுடைய கிருபைவரங்களும், அவர் அழைத்த அழைப்பும் மாறாதவைகளே." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சபைதான் இஸ்ரவேல்னு சொன்னேனே, அதோட இந்த வசனத்தையும் சேர்த்து வெச்சுத்தான் இனி பேசணும்.

ஆனா ஒண்ணு விடமாட்டேன். இயேசு மேசியாங்கறத அவங்ககிட்டயும் சொல்லணும், அதச் சொல்றதே வெறுப்புன்னு ஆக்கிடாதீங்க. பவுல் எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல ஜெப ஆலயத்துக்குத்தான போனாரு.

#9 தரங்கை_பேரன்

தம்பி, அதுல உங்களோட நான் சண்டைக்கு வரல, சபைகளே அதுல ஒத்துப்போகல. யார் சொல்றதுங்கறதுதான் என் கவலை. 1096ல சிலுவைப்போருக்குக் கிளம்புன கும்பல் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்கள்ல ஞானஸ்நானமா சாவான்னு கேட்டு யூதர்களக் கொன்னுச்சு, 1492ல ஸ்பெயின்ல மதம் மாறு இல்ல நாட்ட விட்டுப் போன்னு சொன்னாங்க. இதுக்கப்புறம் நாம வாயத் திறக்கறப்ப அவங்க காதுல என்ன கேக்கும்? பவுல் பேசுனது வீட்டுப் பிள்ளையா உள்ளேயிருந்து. நாம கொஞ்ச காலம் கேக்கறதுதான் முறை.

ரோமர் 11 ஏன் அவ்வளவு காரமா இருக்குன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. கிலவுதியு ராயன் யூதர்கள ரோமாபுரிய விட்டுத் துரத்துனாரு, அப்போஸ்தலர் 18:2ல ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் அப்படித்தான் கொரிந்து வந்து சேந்தாங்க. சில வருஷம் கழிச்சு அவங்க திரும்பி வந்தப்ப சபை யூதரல்லாத புறஜாதிக்காரங்க கையில இருந்திருக்கும், வந்தவங்கள இளக்காரமா பாத்திருக்காங்கன்னு வேத அறிஞர்கள் பல பேர் சொல்றாங்க. வாடகைக்குக் குடிவந்தவன் வீட்டுக்காரன வாசல்ல நிக்கவெச்ச கதை.

#10 தேக்கா_ரீடர்

எல்லாம் சரி, காசாவுல நடக்கறதுக்கு என்ன சொல்றீங்க? என் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தோட முப்பது வருஷமா இருக்கேன், உங்க சர்ச்சுல இஸ்ரேல் கொடிய ஆட்டுறாங்களாமேன்னு அந்த வீட்டு மக்சிக், அதான் அந்தம்மா, கேட்டப்ப எனக்கு முகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

#11 மட்டுறுத்துநர்

நண்பர்களே, நாடு, ராணுவம், போர் பத்தின வாக்குவாதம் இங்க வேண்டாம். 1990லேர்ந்து நம்ம நாட்டுல மத நல்லிணக்கப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சட்டத்த விட்டாலும், இந்த இழைய எல்லா சமயத்துக்காரங்களும் வாசிக்கிறாங்க. ஜெபத்தோடயும் சபைப் போதனையோடயும் சம்பந்தப்பட்ட அளவுக்குப் பதில் எழுதலாம்.

#12 நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

தேக்கா அண்ணே, நீங்க கேட்டது இங்க வரவேண்டிய கேள்விதான். கொடி வேற, ஜனம் வேற. ஒரு அரசாங்கம் செய்யறதுக்கெல்லாம் தலையாட்டுனாத்தான் யூதர்கள நேசிக்கிறோம்னு இல்ல, அந்த அரசாங்கத்து மேல கோவம்னா இங்க வாட்டர்லூ ஸ்திரீட்ல ஜெபத்துக்குப் போற யூதக் குடும்பத்து மேல காட்டறதும் இல்ல. எருசலேமோட சமாதானம்னா அங்க இருக்கிற எல்லாரோட சமாதானம்தான. பெத்லகேம்லயும் ரமல்லாவுலயும் அரபு பேசற கிறிஸ்தவங்க இருக்காங்க, காசாவுலயே திருக்குடும்பக் கோயிலும் பழைய ஆர்த்தடாக்ஸ் கோயிலும் இருக்கு, அவங்களும் இதே சங்கீதத்த அரபியில வாசிக்கிறாங்க. 122ஆம் சங்கீதத்த வாசிக்கிறப்ப நான் உங்க மக்சிகிட்ட மறைக்கிற மாதிரி ஒண்ணும் ஜெபிக்கல, அவங்க பக்கத்துல ஒக்காந்திருந்தாலும் சத்தமா ஜெபிக்கலாம்.

எக்காளம் அண்ணே, உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் தாத்தாகிட்ட நான் கேட்டேன், எங்க ஆளுங்க சில பேர் உங்க எக்காளத்த ஊதி, உங்க ஜெபச் சால்வைய போத்திக்கிறாங்க, உங்களுக்கு எப்படி இருக்குன்னு. யோசிச்சு சொன்னாரு, அவர் அப்பாவ அவர் சால்வையில சுத்தித்தான் அடக்கம் பண்ணாங்களாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. எனக்கு எங்கம்மாவோட தாலிய யாரோ நாடகத்துக்கு மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. எண்ணாகமம் 15ல அந்தத் தொங்கல்கள் எதுக்குன்னு போட்டிருக்கு, பாக்கறப்பெல்லாம் கற்பனைகள நெனைக்கறதுக்கு. நாம வெற்றி வரும், பணம் வரும்னு போத்திக்கிறோம்.

#13 எக்காளம்77

சிஸ்டர், இதுக்குப் பதில் எழுத ரெண்டு நாள் ஆச்சு. அடக்கம் பண்றப்ப சுத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஜெருசலேம்ல கடையில பேரம் பேசி நாலு வாங்கிட்டு வந்தேன், மூணு ஆளுங்களுக்குக் கிஃப்ட் குடுத்தேன்.

என்னோடத மடிச்சு அலமாரியில வெச்சிட்டேன். ஊதறத நிறுத்தணுமான்னு இன்னும் முடிவு பண்ணல, அதப் பத்தி ஜெபிக்கிறேன். ஆனா ஆசீர்வாதம் வரும்னு சொல்லி ஊதமாட்டேன். யோசிச்சுப் பாத்தா, பதினஞ்சு வருஷமா அவங்களுக்காக ஜெபிக்கிறேன், இங்க சிங்கப்பூர்ல ஒரு யூதரோட ஒரு கோப்பி குடிச்சதில்ல.

#14 லூர்து_மாதா_பிள்ளை

அண்ணே, நாங்களும் அப்படித்தான். வாட்டர்லூ ஸ்திரீட்ல கிருஷ்ணன் கோயில், பக்கத்துலயே குவான் யின் கோயில், கொஞ்சம் நடந்தா மகேன் அபோத் ஜெப ஆலயம், 1878ல கட்டினது. தென்கிழக்காசியாவுலயே பழசு. எத்தன தடவ பூ வாங்க, சாப்பிட அந்த வழியா போயிருக்கேன், நிமிந்து பாத்ததில்ல.

#15 தரங்கை_பேரன்

அது மட்டுமா, ஷார்ட் ஸ்திரீட்ல தமிழ் மெதடிஸ்ட் சபைக்குப் போறவங்க தெருமுனையில டேவிட் எலியாஸ் கட்டடத்தப் பாத்திருப்பீங்க, 1928ல கட்டினது, மேல தாவீது நட்சத்திரம் இருக்கும். தேக்காவுலேர்ந்து செலிகி ரோடு திரும்புற எடத்துல எல்லிசன் கட்டடம், 1924, அதுலயும் அதே நட்சத்திரம். மிடில் ரோடு, செலிகி, ஷார்ட் ஸ்திரீட் சுத்துவட்டாரத்துல ஒரு காலத்துல ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கமா வாழ்ந்துச்சு. இந்த நாட்டோட முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், 1955, அவரும் யூதர்தான். நம்ம பாட்டன் பூட்டனும் அவங்களும் ஒரே தெருவுல நடந்திருக்காங்க. நான் சின்னப் பையனா அந்த நட்சத்திரத்த கிறிஸ்மஸ் நட்சத்திரம்னு நெனச்சிட்டிருந்தேன்.

#16 துவாஸ்_தம்பி

ஐயா, அக்கா, எங்க ரூம்ல பன்னெண்டு பேரு, அதுல நாங்க மூணு பேர் கிறிஸ்தவங்க. மத்தவங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு படிக்கட்டுல ஒக்காந்து போன் வெளிச்சத்துல ஜெபிப்போம். போன வாரத்துலேர்ந்து படுக்கப் போறப்ப 31:5 சொல்றோம், அந்தத் தாத்தா மாதிரி. கண்ண பொத்தல, அது அவங்க வழக்கம். வசனம் மட்டும். எங்களோட இருக்கற ஒரு பையன் 137ஆம் சங்கீதம் வாசிச்சிட்டு, "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து" அங்கயே நிறுத்திட்டான், வீட்டு ஞாபகம். அந்நிய தேசத்துல கர்த்தரோட பாட்ட எப்படிப் பாடுறதுன்னு கேட்டவங்க பாட்டுதான் எங்களுக்கு இங்க பாட்டாயிருக்கு.

#17 நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

எல்லாருக்கும் ஒரு அப்டேட். அந்தப் பிரசங்கியாரப் போய்ப் பாத்தேன். தனியா போக பயம், வீட்டுக்காரரும் வந்தாரு. எங்க பாஸ்டர் வீட்டுல தங்கியிருந்தாரு, டீ குடுத்தாங்க.

நான் சண்டை போடல. தாத்தா கதையச் சொன்னேன். அப்புறம் நாம ஞாயித்துக்கிழமை சொல்ற விசுவாசப் பிரமாணத்துல, இயேசு பாடுபட்டதச் சொல்ற எடத்துல யாரு பேர் இருக்கு ஐயான்னு கேட்டேன். பொந்தியு பிலாத்துன்னாரு. ஆமா, ரோம அதிகாரி பேர்தான் இருக்கு, யூதர்ங்கற வார்த்தையே அதுல இல்லன்னேன். மத்தேயு 27:25, இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்களேன்னாரு. எசேக்கியேல் 18:20 காட்டுனேன், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. அதோட, சிலுவையில முதல் வார்த்தையே இவர்களுக்கு மன்னியும்னு பிதாகிட்ட கேட்டதுதான, அத அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு வேற ஒருத்தர் பேசுனாரு, நீங்க மூணு மணிக்கு அந்த மன்னிப்ப ரத்து பண்ற மாதிரி பேசிட்டீங்க ஐயான்னு சொன்னேன். சொன்னதும் எனக்கே நாக்கு ஒலந்து போச்சு.

அவர் கோவப்படல. டீ ஆறிப்போற வரைக்கும் கப்பையே பாத்துட்டிருந்தாரு. எனக்கு சொல்லிக் குடுத்தவரு இப்படித்தாம்மா சொல்லிக் குடுத்தாரு, நாப்பது வருஷமா இப்படியேதான் பேசறேன், ஒருத்தரும் கேட்டதில்லன்னாரு. ரோமர் 9லேர்ந்து 11 வரைக்கும் கடைசியா எப்ப பிரசங்கம் பண்ணீங்கன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு, யோசிச்சுப் பாத்துட்டு, பண்ணதேயில்லன்னாரு. போறப்ப அந்த சங்கீதத்த அந்தப் பெரியவரு எப்படிச் சொல்லுவாருன்னு கேட்டாரு. எனக்கு எபிரெயு வராது, கை எப்படி வெச்சுக்குவாருன்னு மட்டும் காட்டுனேன்.

எங்க பாஸ்டர் அடுத்த மாசம் வியாழக்கிழமை வேதபாடத்துல ரோமர் 9–11 எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு, ஜூம்லயும் வரும். துவாஸ் தம்பி, உங்க ஓவர்டைம் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு ஒம்பதரைன்னு வெக்கச் சொல்லியிருக்கேன், அந்த ஒட்டுக் கட்டறத நீங்கதான் வந்து சொல்லணும், முடிஞ்சா ஊர்லேர்ந்து அப்பா கட்டறத வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. லிங்க் பிரைவேட் மெசேஜ்ல அனுப்பறேன். ஈசூன் பிரதர், எக்காளம் அண்ணே, நீங்களும் வாங்க, ஐயா வந்தா ரொம்ப சந்தோஷம்.

காலைல சங்கீதம் திரும்பவும் வாசிக்க ஆரம்பிச்சிட்டேன். மெதுவாத்தான் போகுது, ஒரு நாளைக்கு நாலஞ்சு வசனம். 31லயே இருக்கேன், இன்னிக்கு 15, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது." நாளைலேர்ந்து நாலு நாள் நைட் டூட்டி, பதில் லேட்டாகும்.